மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு ஆறிப்போவதற்கு இங்கிலாந்து பாட்டு பேண்டு ஒன்றுதான் காரணம். சர்ச் முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பாவும் மாமாவும் ஆரம்பித்துவிடுவார்கள். அந்த பேண்டின் ஆல்பங்களில் எது உசத்தி என்பதுதான் விஷயம். அப்பா மூன்றாவது ஆல்பம் கட்சி. அம்மாவின் தம்பியான மாமா இரண்டாவது ஆல்பம் கட்சி. அம்மா குழம்பை மறுபடி மறுபடி சுடவைத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன் என்று உள்ளேயிருந்து அறிவிப்பாள். அதற்குப் பிறகுதான் இருவரும் கை கழுவுவார்கள். கை கழுவும்போதும் வாய் ஓயாது.

அந்த பேண்டின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இத்தனை வருஷம் கழித்தும் புதுப்பட்டினத்திலிருந்து யாராவது போன் போட்டு, நீ சொன்னது தப்பு என்று ஆரம்பிப்பார்கள். ஐந்து பேர், ஏதோ ஒரு துறைமுக ஊர்க்காரர்கள். அவர்களுடைய அப்பாக்கள் கப்பலில் மூட்டை ஏற்றி இறக்கியவர்கள் என்று அப்பா எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அவருடைய அப்பா படாளத்துப் பக்கம் பிறத்தியார் நிலத்தில் ஏர் ஓட்டி, பிறத்தியார் நெல்மூட்டையைத் தூக்கியவர். அப்பா வேலை தேடிக் கடலோரம் வந்து, அணுமின் பிளான்ட்டில் கிரேன் ஆபரேட்டர் ஆனவர். மூட்டை தூக்கியவன் பிள்ளை கிடார் வாசிப்பதும் மூட்டை தூக்கியவன் பிள்ளை கிரேன் ஓட்டுவதும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. பாட்டில் பாதி வார்த்தை அவருக்குப் புரியாது. புரியாத பாதியில்தான் சமாசாரமே இருக்கிறது என்பார்.

அவர் ஒருவருக்கு மட்டும் பிடித்த பைத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது. பிளான்ட்டில் அவரோடு வேலை செய்தவர்கள், பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர், ஒரு டெய்லர், சர்ச்சில் கீபோர்டு வாசித்தவர் என்று எல்லோரும் சேர்ந்து ரசிகர் மன்றமே வைத்திருந்தார்கள். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே பலகை இருந்தது. ஐந்து வெள்ளைக்காரர்களின் முகத்துக்குக் கீழே ‘புதுப்பட்டினம் கிளை’ என்று எழுதியிருக்கும். தலைமை மன்றம் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. பாடகர் பிறந்தநாளுக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எலுமிச்சைச் சோறு கொடுத்தார்கள். இதெல்லாம் நடப்பது அந்தப் பாடகருக்குத் தெரியுமா என்று நான் கேட்டதற்கு, தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்று அப்பா சொன்னார்.

ஆல்பங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் ஆல்பத்தை யாரும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. அது பையன்கள் பழகிக்கொண்டிருந்த காலம். இரண்டாவது முழுக்கக் கைதட்டலும் ஆட்டமும். உட்கார்ந்துகொண்டு கேட்க முடியாது, காலாவது ஆடிவிடும். மூன்றாவதில் வேகம் தணிந்துவிடும். அட்டையில் ஐந்து பேரும் மழையில் நனைந்துகொண்டு, கையிலிருக்கும் குடையை விரிக்காமல் நிற்பார்கள். குடை இருந்தும் ஏன் விரிக்கவில்லை என்று அப்பா ஒரு மணி நேரம் பேசுவார். அவர்களுக்குள் சண்டை வந்தபிறகு வெளியான நாலாவது ஆல்பத்துக்கு டெய்லர் ஒருவர்தான் ஆதரவு. அவரைப் பேச விட்டதே இல்லை.

ஆனால் அப்பாவின் உயிர் இருந்தது மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டில். அதில் வார்த்தையே கிடையாது. ஒரே ஒரு கிடார், அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு ஆண் குரலின் முனகல். மெதுவாக ஏறி, இறங்கி, முடியப் போகிற நேரத்தில் சர்ர்ரென்று காகிதம் கிழிபடுகிற சத்தம் வரும். உடனே ஒரு பெண் சிரிப்பாள். சின்னச் சிரிப்பு இல்லை. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், வயிற்றிலிருந்து எழுந்து வருகிற சிரிப்பு. அந்தச் சிரிப்பின் நடுவிலேயே டக்கென்று பாட்டு நின்றுவிடும்.

இந்தக் கடைசிக் கட்டத்துக்கு அப்பா எழுதாத உரை இல்லை. கிழிபடுவது செய்தித்தாள். ஏதோ யுத்தத்துச் சண்டைச் செய்தி போட்ட தாள். சண்டையெல்லாம் வேண்டாம் என்று அதைக் கிழிக்கிறார்கள். சிரிப்பவள் ஒரு சுதந்திரமான வெள்ளைக்காரப் பெண். யாருக்கும் பயப்படாத சிரிப்பு. இப்படி ஒரு சிரிப்போடு ஆல்பத்தை முடிக்க உலகத்தில் வேறு எவனுக்குத் தைரியம் வரும்? மன்றத்துக்காரர்கள் தலையாட்டுவார்கள். எல்லோரிடமும் அந்தக் கேசட் இருந்தது. பிளான்ட் குவார்ட்டர்ஸ் இருக்கிற அணுபுரத்தில் குடியிருந்த ஒரு இன்ஜினீயரிடம் இரவல் வாங்கிய கேசட்டிலிருந்து முதலில் அப்பாவுக்குத்தான் ரெக்கார்டிங் செய்தார்கள். இன்ஜினீயர் மாற்றலாகிப் போய்விட்டதால், ஊரில் மற்ற எல்லோருக்கும் அப்பாவின் கேசட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். புதுப்பட்டினத்தில் பால்காரர்கூட அந்த மெட்டை முனகிக்கொண்டுதான் சைக்கிளை ஓட்டுவார்.

மாமா ஒருவர்தான் அந்தப் பாட்டைக் கரித்துக்கொட்டினார். கிடாரில் சுருதி சேரவில்லை, பாடுகிறவனுக்கு மூச்சு பற்றவில்லை, மொத்தத்தில் ஆல்பத்தைக் கெடுப்பதே அதுதான் என்பார். மாமாவுக்குச் சங்கீத ஞானம் உண்டு. சர்ச்சில் கிடார் வாசிப்பவர் அவர். பஜாரில் இருந்த ரெக்கார்டிங் கடையில் வேலையும் செய்தார். அந்தக் கடையில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும்போது கடைசியில் மிச்சம் இருந்தால் காலியாக விட மாட்டார்கள். விட்டால் வாடிக்கைக்காரர் ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்கு வருவார். கையில் அகப்பட்ட பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார்கள். அம்மாவின் ஜெபப் பாட்டுக் கேசட்டின் கடைசியில் ஒரு குத்துப்பாட்டு பாதி இருக்கும். ஆமென் வந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து நிறுத்துவாள்.

மாமா அந்தப் பாட்டைத் திட்டும்போதெல்லாம் அப்பாவுக்கு முகம் சிவந்துவிடும். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

“இத்தப் பாடுனவன் கால் தூசிக்கு நீ வருவியாடா? கடையாண்ட குந்திகினு டேப்ப சுத்தறவனுக்கு இன்னா தெரியும்?”

மாமா எலும்பைக் கடித்தார். அந்தக் கோபத்தில் ஆல்பம் மட்டும் இல்லை என்பது எனக்கே தெரியும்.

எங்களோடு அத்தையும் இருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. அப்பா அம்மா இல்லாத பெண்ணை அப்பாதான் வளர்த்தார். டைப்பிங் படிக்க வைத்தார், கேட்டதை வாங்கிக் கொடுத்தார், குறையொன்றும் வைக்கவில்லை. ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். பெண்பிள்ளை சிரிக்கும் சத்தம் வாசல் தாண்டக் கூடாது. அத்தை சின்ன வயதில் சர்ச்சில் எதற்கோ சிரித்து, ஊரே திரும்பிப் பார்த்துவிட்டதாம். அன்றைக்குப் போட்ட சட்டம். அதிலிருந்து அத்தைக்குச் சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். தோள்கள் மட்டும் குலுங்கும். நான் சின்னவள் என்பதால் அந்தச் சட்டம் இன்னும் எனக்கு அமலுக்கு வரவில்லை.

மாமாவுக்கு அத்தையைக் கட்டிக் கொடுக்கலாம் என்று அம்மா ஒருநாள் பேச்செடுத்தாள். முறைதான், வெளியே போக வேண்டியதில்லை. கிடாரைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறவனுக்குத் தங்கச்சியைக் கொடுக்க முடியாது என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அம்மா அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. குழம்பில் மட்டும் கொஞ்ச நாள் உப்பு முன்னே பின்னே இருந்தது. அந்த வருஷம் பொங்கலுக்கு முன்பே அப்பா செங்கல்பட்டில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துவிட்டார். அரசாங்க ஆபீஸில் வேலை, சொந்த வீடு. பொங்கல் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அத்தையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மன்றத்தின் ஆண்டுவிழா வந்தது. வருஷா வருஷம் பாட்டுப் போட்டியும் சோறும்தான். அந்த வருஷம் ஸ்டூடியோக்காரர் ஒரு யோசனை சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேர் குழம்பை ஆறவைத்துக்கொண்டு போடுகிற சண்டையை ஊரறியப் போட்டு, ஒரு தீர்ப்பு வாங்கிவிடலாம். பட்டிமன்றம். தலைப்பு: பெரிதும் விஞ்சி நிற்பது இரண்டாவது ஆல்பமே, மூன்றாவது ஆல்பமே. ஒரு அணிக்கு அப்பா தலைவர், மறு அணிக்கு மாமா தலைவர். தோற்கிற அணியின் தலைவர் ஒரு வருஷத்துக்கு ஆல்பங்களைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவாயிற்று. அம்மா ஆண்டுவிழாவுக்கு முதல்முறையாக ஆர்வம் காட்டியது அப்போதுதான்.

நடுவராக அணுபுரத்திலிருந்து ஒரு ரிட்டையர்டு சயின்டிஸ்ட் சாரைப் பிடித்தார்கள். அவர் பயிற்சிக்காக இங்கிலாந்து போயிருந்தபோது அந்த பேண்டின் சிடிகளை அங்கேயே வாங்கி வந்தவர். அப்போது எங்கள் ஊரில் சிடி என்பதைப் பார்த்தவர்களே கொஞ்சம் பேர்தான். சார் ஒரு நிபந்தனை போட்டார். பேச்சாளர் எந்தப் பாட்டைப் பற்றிப் பேசினாலும், அதை முதலில் தன் சிடியில் போட்டுக் காட்ட வேண்டும். ஆதாரம் இல்லாமல் யாரும் எதையும் சொல்லக் கூடாது. அப்பாவுக்கு ஏக சந்தோஷம். தேய்ந்த கேசட்டிலேயே இவ்வளவு நன்றாக இருக்கிற பாட்டு, சிடியில் கேட்டால் மாமாவின் வாய் தானாக அடைத்துப்போகும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மாமா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. தோற்கப் போகிற பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்பா அணியில் முதல் பேச்சாளர் நான். பள்ளிப் பேச்சுப் போட்டியில் சோப்பு டப்பா பரிசு வாங்கியிருந்ததால் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கடைசிப் பாட்டின் மகிமையைச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. அப்பா சொல்லச் சொல்ல நான் மனப்பாடம் செய்தேன். காகிதத்தைக் கிழிக்கும் இடத்தில் கையை எப்படி ஆட்ட வேண்டும் என்பது வரைக்கும் ஒத்திகை நடந்தது. அத்தைதான் என் ரெட்டைச் சடையைப் பின்னிக்கொண்டே ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பாள். செய்தித்தாளைக் கிழிக்கிற கட்டம் வந்தால் மட்டும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள். என் பேச்சு அவ்வளவு உருக்கமாக இருக்கிறதென்று எனக்குப் பெருமை.

காணும் பொங்கலன்று ஊர் மொத்தமும் மாமல்லபுரத்துக்குப் போய்விடும் என்பதால், முந்தின நாள் சாயங்காலம் விழாவை வைத்தார்கள். இடம், கடற்கரையில் மீன் ஏலம் விடுகிற கொட்டகை. தண்ணீர் அடித்து, பினாயில் ஊற்றி, மேடைக்கு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அப்படியும் இறால் வாடை போகவில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். அத்தையும் அம்மாவும் முன்வரிசையில் இருந்தார்கள். நடுவர் சார் வெள்ளைச் சட்டையும் கண்ணாடியுமாக நடுவில் உட்கார்ந்து, சிடிகளை ஒரு துண்டால் துடைத்துத் துடைத்து வைத்தார். மாமா கிடாரோடு வந்திருந்தார். இரண்டாவது ஆல்பத்தின் துள்ளலை வாசித்துக் காட்டுவதாக உத்தேசம்.

முதலில் மாமா அணி. இரண்டாவது ஆல்பத்தைச் சிடியில் போட்டதும் கொட்டகையே கைதட்டியது. முன்வரிசைக் குழந்தைகள் எழுந்து ஆடின. மாமா சுருக்கமாகப் பேசினார். பாட்டு என்பது உட்கார்ந்தவனை எழுப்ப வேண்டும், மூன்றாவது ஆல்பம் நின்றவனையும் படுக்க வைக்கிறது என்றார். சிரிப்பும் விசிலும் அடங்க நேரமாயிற்று. அப்பா பதறவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

நான் மைக்கைப் பிடித்தேன். சின்னப் பெண், மனப்பாடம் மறந்துவிடக் கூடாது என்று, முதலில் பேச்சு, பிறகு பாட்டு என எனக்கு மட்டும் சலுகை கொடுத்திருந்தார் நடுவர். அன்பார்ந்த நடுவர் அவர்களே என்று எடுத்து, கிடாரில் தொடங்கி, காகிதத்துக்கு வந்தேன். அது வெறும் காகிதம் அல்ல, சண்டைச் செய்தி சுமந்த தாள் என்று சொல்லிக் காற்றைக் கிழித்துக் காட்டினேன். அந்தச் சிரிப்பு யாருக்கும் அஞ்சாத பெண்ணின் சிரிப்பு, அப்படிச் சிரிக்கும் பெண்கள் உள்ள நாடே நாடு என்று முடித்தேன். கடைசி வாக்கியம் அப்பா சொந்தமாக எழுதியது. கைதட்டல் காதைப் பிளந்தது. அப்பாவின் கண்ணில் தண்ணீர் நின்றது.

நடுவர் சார் சிடியைப் போட்டார். நீங்கள் சொல்கிற பாட்டு எத்தனையாவது என்று கேட்டார். கடைசி என்றேன். அவர் கடைசிப் பாட்டை வைத்தார். ஐந்து பேரும் சேர்ந்து பாடுகிற, எங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேறொரு பாட்டு வந்தது. அது முடிந்தவுடன் வருவதுதான் எங்கள் பாட்டு என்று அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். எல்லோரும் காத்திருந்தோம். அந்தப் பாட்டு முடிந்தது. சிடி சுற்றுவது நின்றது. ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை, வெளியே அலைச் சத்தம்தான் கேட்டது.

சார் மறுபடி போட்டுப் பார்த்தார். மறுபடியும் நின்றது. ஆல்பம் இவ்வளவுதான், நீங்கள் சொல்கிற பாட்டு இதில் கிடையாது என்றார். அப்பா எழுந்துவிட்டார். சிடி ரிப்பேர் என்றார். சிடிக்காரர்கள் பாட்டை வெட்டிவிட்டார்கள் என்றார். தன் கேசட்டைக் கொண்டுவரச் சொல்லி, மைக்குக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துப் போட்டார். கிடார், முனகல், காகிதம், சிரிப்பு. டக். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது அவர்கள் பாட்டு என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். மன்றத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் பக்கம் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். பிளான்ட்டில் அப்பாவோடு வேலை செய்கிறவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். ஊரைக் கூட்டி, மைக் கட்டி, இல்லாத பாட்டுக்கு உரை சொன்ன மனிதராக அப்பா நின்றார். கையிலிருந்த கேசட்டு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாமா பேசாமல் இருந்திருந்தால் அவர் அணி ஜெயித்திருக்கும். ஒரு வருஷத்துக்கு அப்பா வாயைத் திறந்திருக்க முடியாது. ஆனால் மாமா எழுந்தார். பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, மைக்குக்கு வந்தார்.

“அது நான் வாசிச்சது சார். கேசட்ல கடைசில எடம் மீந்துகினு இருந்துச்சி. காலியா வுட்டா அக்கா வூட்டுக்காரரு கத்துவாரு. அதான் கிடார எடுத்து வாசிச்சி நெரப்பிட்டேன்.”

அம்மாவின் ஜெபக் கேசட்டில் குத்துப்பாட்டு இருக்கும் என்று தெரிந்த அப்பாவுக்கு, இங்கிலீஷ் கேசட்டிலும் அதே வேலை நடக்கும் என்று இத்தனை வருஷம் தோன்றவே இல்லை. ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நடுவர் சார் விடவில்லை. நீங்கள்தான் வாசித்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார்.

மாமா கிடாரை எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். முதல் வரியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதே கிடார், அதே முனகல், அவர் வாயாலேயே குறை சொன்ன அதே மூச்சுத் திணறல். இத்தனை நாள் அவர் அந்தப் பாட்டை ஏன் அப்படித் திட்டினார் என்பது அங்கே பெரியவர்களுக்குப் புரிந்திருக்கும். யாரும் அதைக் கூர்ந்து கேட்டுவிடக் கூடாது என்று பயந்திருக்கிறார். பாட்டு ஏறி, இறங்கி, காகிதம் கிழிகிற இடத்துக்கு வந்தது. மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு ஆதலால் கொட்டகையே அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. மாமா தந்தியின் மேல் கையை வைத்து நிறுத்தினார்.

“இந்த எடத்துலதான் சார் கடைக்குள்ள ஆடு பூந்து, சொவுத்துல ஒட்டினு இருந்த போஸ்டரத் துன்னுச்சி.”

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அந்தச் சிரிப்பு வந்தது.

அதே சிரிப்பு. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், வயிற்றிலிருந்து எழுந்து வந்தது. அத்தை முந்தானையைத் தேடினாள். கைக்குக் கிடைக்கவில்லை. சிரிப்பு கொட்டகையைத் தாண்டிக் கடல் வரைக்கும் போயிருக்கும். ஊரே திரும்பிப் பார்த்தது. பிறகு ஊரும் சிரிக்க ஆரம்பித்தது. ஆட்டை நினைத்துச் சிலர், வெள்ளைக்காரப் பெண்ணை நினைத்துச் சிலர். அம்மா மட்டும் சிரிக்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகையாக வந்தது. சண்டைச் செய்தியைக் கிழித்ததாக நான் கையை ஆட்டிச் சொன்னதெல்லாம் ஒரு ஆட்டின் வாய் வேலை என்று ஆகிவிட்டதே என்று ஆத்திரம். அந்த ஆடு யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

சிரிப்பு அடங்கியபின் அப்பா மைக்குக்குப் போனார். தொகுப்புரை சொல்ல அவருக்கு இன்னும் நேரம் மிச்சம் இருந்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டு கிடாரின் தந்தியை நெருடிக்கொண்டிருந்தார். அத்தை எழுந்து ஓடுவதா உட்காருவதா என்று தெரியாமல் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா என்ன செய்யப் போகிறார் என்று எல்லோரும் பார்த்தார்கள். ஆல்பத்தை எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள்.

“இத்தப் பாடுனவன் பெரிய ஆளுன்னு இத்தினி வருசமா ஊர் பூரா சொல்லினு கீறேன். இன்னிக்கி வாபஸ் வாங்க முடியாது.”

அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்துவிட்டார். கைதட்டுவதா வேண்டாமா என்று ஜனம் தயங்கியது. டெய்லர்தான் முதலில் தட்டினார்.

பட்டிமன்ற நடுவர் என்றால் இரண்டும் உசத்திதான் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவதுதான் வழக்கம். சயின்டிஸ்ட் சாருக்கு அந்த வழக்கம் தெரியவில்லை. மூன்றாவது ஆல்பத்தின் மிகச் சிறந்த பாட்டு மூன்றாவது ஆல்பத்தில் இல்லாத காரணத்தால் இரண்டாவது ஆல்பமே வென்றது என்று தீர்ப்புச் சொன்னார். தர்க்கப்படி சரிதான். நான் ஓவென்று அழுதேன்.

வீட்டுக்கு நடந்தே போனோம். மாமா எங்களோடு வராமல், சாமான்களை எடுத்து வைக்க வேண்டும் என்று கொட்டகையிலேயே நின்றுவிட்டார். அப்பா முன்னால் நடந்தார். நாங்கள் கொஞ்சம் பின்னால். பஸ் ஸ்டாப்பில் மன்றத்துப் பலகைக்குப் பக்கத்தில் அப்பா நின்று, திரும்பாமலேயே அத்தையிடம் கேட்டார்.

“ஆடு எந்தப் போஸ்டரத் துன்னுச்சி?”

“மூணாவது ஆல்பம்தாண்ணா.”

அப்பா தலையை ஆட்டினார். மறுபடி நடந்தார். கொஞ்ச தூரம் போனபின் அம்மாவிடம், செங்கல்பட்டுக்காரர்களுக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றார். அம்மா சரி என்று மட்டும் சொன்னாள். அன்று ராத்திரிக் குழம்பில் உப்பு சரியாக இருந்தது.

மாமாவும் அத்தையும் அந்தக் கோடையில் கல்யாணம் செய்துகொண்டார்கள். மன்றத்தார் வைத்த பேனரில் மணமக்கள் படத்துக்கு மேலே ஐந்து வெள்ளைக்காரர்களும் ஆசீர்வாதம் செய்கிற மாதிரி இருந்தார்கள். அதை எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல, பட்டிமன்றம் முடிந்து வந்த அன்று ராத்திரி வீட்டில் நடந்தது.

வந்ததும் அத்தை பின்கட்டுக்குப் போய் மீன் கழுவ உட்கார்ந்தாள். அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சடையை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் டேப் ரெக்கார்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மூன்றாவது ஆல்பத்தைப் போட்டார். பாட்டையெல்லாம் ஓடவிட்டுக் கடைசிக்குப் போனார். கிடார் வேண்டாம், காகிதமும் வேண்டாம். அந்தச் சிரிப்பை மட்டும் போட்டார். டக். பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். டக். ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு மறுபடி போட்டார். அவருடைய முகம் அழுகிற முகமா சிரிக்கிற முகமா என்று தெரியவில்லை. தினம் தினம் கேட்ட சத்தம்தானே, இப்போது என்ன புதிதாக இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பின்கட்டில் அதே சிரிப்புக்காரி செதில் உரசிக்கொண்டிருந்தாள். கேசட்டில் தன் சிரிப்பு கேட்கும்போதெல்லாம் அவள் கை நிற்கும், பிறகு மறுபடி உரசும். கூப்பிட்டால் வந்துவிடுகிற தூரம்தான். அப்பா கூப்பிடவில்லை.

“டேப்பு இழுத்துடுச்சாப்பா?” என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “ஆமா பாப்பா, நாந்தான் ரொம்ப நாளா இழுத்துப் புடிச்சி வச்சிட்டேன்” என்றார்.

நான் எழுந்து போய், டேப்பைச் சுற்றிச் சரிசெய்வதற்காக என் பள்ளிப் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துவந்து கொடுத்தேன்.